அலமேலம்மா மேல் போட்ட பழி

2017 டிசம்பர் 6 அன்று பெங்களூரில் மைசூர் உடையார் குடும்பத்துக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் தாயும் சேயும் நலமா என்று கேட்பதுதான் வழக்கம். பத்திரிகைகள் அதைக் கேட்கவில்லை. ‘நானூறு ஆண்டுச் சாபம் நீங்கியது’ என்று எழுதின. தொலைக்காட்சியில் சோதிடர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தமிழ் ஊடகங்களும் சளைக்கவில்லை. மைசூர் தசரா நெருங்கும்போதெல்லாம் அந்தக் கதை இன்றும் தூசு தட்டப்படுகிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விஜயநகரப் பேரரசின் பிரதிநிதியாக இருந்தவர் திருமலராஜன். 1610-ல் மைசூர் ராஜ உடையார் அந்தக் கோட்டையைக் கைப்பற்றுகிறார். நோயாளியான திருமலராஜன் தலக்காட்டில் இறந்துபோகிறார். அவர் மனைவி அலமேலம்மாவிடம் இருந்த நகைகளைக் கேட்டு ராஜ உடையார் ஆளனுப்புகிறார். துரத்தப்பட்ட அலமேலம்மா, தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டுக் காவிரியில் குதிக்கிறார். அன்றிலிருந்து அந்த வம்சத்துக்கு வாரிசு தங்கவில்லை. தத்தெடுத்தே காலம் தள்ளினார்கள். 2017-ல்தான் விடிவு பிறந்தது.

அலமேலம்மாவைக் கும்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மைசூர் அரண்மனையே நவராத்திரியில் அவரை வழிபடுகிறது. கணவனை இழந்து, இருக்க இடமும் இல்லாமல், நகைக்காக விரட்டப்பட்ட ஒரு பெண்ணை தெய்வமாக்கி மன்னிப்புக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வரலாறு எழுதுகிறேன் என்று உட்கார்ந்துகொண்டு, மைசூர்ப் பட்டம் கைமாறிய கதைக்கு இந்தச் சாபத்தையே விளக்கமாகத் தருகிறவர்களோடுதான் என் வழக்கு. அந்த விளக்கம் தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, பல கொலைகளையும் சதிகளையும் அது மூடி மறைக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1610-க்குப் பிறகு மைசூரில் தந்தையை அடுத்துப் பெற்ற மகனே பட்டத்துக்கு வந்தது ஒரு முறை அல்ல, ஆறு முறை. சிக்க தேவராஜருக்குப் பின் 1704-ல் அவர் மகன் இரண்டாம் கண்டீரவ நரசராஜர். அவருக்குப் பின் 1714-ல் அவர் மகன் முதலாம் கிருஷ்ணராஜர். 1766-ல் இரண்டாம் கிருஷ்ணராஜரின் மகன் நஞ்சராஜர். 1799-ல் சாமராஜரின் மகன் மும்மடி கிருஷ்ணராஜர். இடையில் மூன்று ஆண்டு சிம்மாசனம் காலியாக இருந்தாலும் அவர் பெற்ற பிள்ளைதான். 1894-ல் சாமராஜேந்திரரின் மகன் நால்வடி கிருஷ்ணராஜர். 1974-ல் ஜெயசாமராஜரின் மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜர். இத்தனை ஓட்டை உள்ள சாபத்தை எந்தத் தெய்வம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்?

இதைச் சொன்னதும் அவர்கள் கதையைக் கொஞ்சம் திருத்திக்கொள்வார்கள். ‘ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறைக்குத்தான் சாபம். பெற்ற பிள்ளைக்குப் பிள்ளை இராது, தத்துப் பிள்ளைக்கு இருக்கும்.’ இந்தத் திருத்தத்தை அலட்சியம் செய்ய முடியாது. மும்மடி கிருஷ்ணராஜர் பெற்ற பிள்ளை, அவருக்குப் பட்டத்துக்குரிய மகன் இல்லை. அவர் தத்தெடுத்த சாமராஜேந்திரருக்கு மகன்கள் உண்டு. அந்த மகன்களில் மூத்தவரான நால்வடிக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகன் ஜெயசாமராஜர் வருகிறார், அவருக்கு மகன் உண்டு. அந்த மகன் ஸ்ரீகண்டதத்தருக்குப் பிள்ளை இல்லை. பார்த்தால் கோலப்புள்ளி போல ஒழுங்காகத்தான் தெரிகிறது.

ஆனால் இந்த ஒழுங்கு வேண்டிய இடத்தில் தொடங்கி, வேண்டாததைக் கண்டும் காணாமல் விட்டதால் வந்தது. சிக்க தேவராஜர், மகன், பேரன் என்று மூன்று பேர் தொடர்ந்து ஆண்ட காலம் இந்தக் கோலத்துக்குள் அடங்காது. நால்வடியின் தம்பி கண்டீரவ நரசிம்மராஜரும் அதே தகப்பன் பெற்ற பிள்ளைதான், அவர் மகன்தான் ஜெயசாமராஜர். அண்ணனைப் பிடித்த சாபம் தம்பியை ஏன் விட்டது? இதற்கெல்லாம் அடியில் இன்னொரு எளிய விஷயம் இருக்கிறது. மகன் இல்லாதபோதுதான் தத்தெடுப்பார்கள். ஆகவே ஒவ்வொரு தத்துப் பிள்ளைக்கும் முன்னால் மகன் இல்லாத ஒருவர் இருந்தே தீர்வார். அது சாபத்தின் வேலை இல்லை, தத்து என்ற ஏற்பாட்டின் இயல்பு.

மகள்களை இவர்கள் எண்ணவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெயசாமராஜருக்கு ஒரு மகன், ஐந்து மகள்கள். மூத்தவர் காயத்ரி தேவி. அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் 2015 பிப்ரவரியில் தத்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் பட்டம் சூட்டப்பட்ட யதுவீர். வாரிசே இல்லை என்று பத்திரிகைகள் உச்சுக்கொட்டிய வீட்டில் ஜெயசாமராஜரின் ரத்தம் பெண் வழியாக எந்தத் தடையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணைக் கணக்கில் எடுக்காத வழக்கத்தை மனிதர்கள் வைத்துக்கொண்டு, அதனால் வந்த வெற்றிடத்துக்கு நானூறு ஆண்டுக்கு முன் இறந்த ஒரு பெண்ணைப் பொறுப்பாக்குகிறார்கள்.

இனி, வாரிசுகள் உண்மையில் எப்படி இல்லாமல் போனார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கேதான் சாபக் கதை செய்யும் தீங்கு புரியும்.

ராஜ உடையாரின் மகன் இம்மடி ராஜ உடையார் 1638-ல் இறந்தார். ஆண்டது ஓராண்டுதான். படைத்தலைவரான தளவாய் விக்கிரமராயன் விஷம் வைத்துக் கொன்றதாக மைசூர் வரலாறு சொல்கிறது. 1732-ல் பட்டத்துக்கு வந்த சாமராஜ உடையார் தளவாய்களின் பிடியிலிருந்து விலகப் பார்த்தார். களலெ குடும்பத்துத் தளவாய்கள் 1734-ல் அவரை இறக்கிக் கப்பாள துர்க்கத்தில் அடைத்தார்கள், அங்கேயே மடிந்தார். (அந்தக் குடும்பத்து நஞ்சராஜய்யாதான் 1750-களில் திருச்சிக் கோட்டை கிடைக்கும் என்று நம்பிப் படையோடு வந்து முகமது அலியிடம் ஏமாந்தவர், நம் பக்கத்து வரலாற்றில் நந்தராஜா என்று வருகிறவர்.) இரண்டாம் கிருஷ்ணராஜரின் மகன் நஞ்சராஜர் 1770-ல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார், ஹைதர் அலி காலத்தில். அவருடைய தம்பி பெட்டத சாமராஜரும் 1776-ல் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். இவர்கள் மலடர்கள் அல்லர். நீண்ட நாள் வாழ விடப்படாதவர்கள். விஷம் வைத்தவனுக்கும் கழுத்தை நெரித்தவனுக்கும் பெயர், பதவி, தேதி எல்லாம் இருக்கிறது. அலமேலம்மாவின் சாபம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் அந்தப் பெயர்கள் அத்தனையும் தப்பித்துவிடும்.

தளவாய்களுக்குப் பிள்ளை இல்லாத அரசன் வசதி. சிறுவனை உட்கார வைத்தால் இன்னும் வசதி. ஹைதருக்கும் அப்படித்தான். பிறகு வந்த கம்பெனிக்கும் ஐந்து வயதுக் குழந்தையோடு ஒப்பந்தம் போடுவதில் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

சாபக் கதைக்குப் பதில் சொல்ல நான் சாமராஜநகரைத்தான் கூப்பிடுவேன். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி, ஆசனூர் தாண்டிப் போனால் வரும் அதே சாமராஜநகர். 1997-ல் மைசூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அந்த நிலத்தில், 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த கொள்ளேகாலும் சேர்ந்திருக்கிறது. மைசூர்ச் சிம்மாசனம் ஆடியபோதெல்லாம் ஆள் வந்தது பெரும்பாலும் இந்தத் திசையிலிருந்துதான்.

1638-ல் இம்மடி ராஜர் கொல்லப்பட்டதும் பட்டத்துக்கு வந்த ரணதீர கண்டீரவ நரசராஜர், இன்றைய குண்டுலுப்பேட்டை வட்டத்தில் இருக்கும் தெரகணாம்பியில் வளர்ந்தவர். விஷம் வைத்த தளவாயைத் தீர்த்துக்கட்டியவரும் அவரே. மாறுவேடத்தில் திருச்சிக்கு வந்து ஒரு மல்லனைத் தோற்கடித்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அது எவ்வளவு உண்மையோ, ஆனால் நாணயம் அடித்ததும் படை நடத்தியதும் உண்மை. மைசூர் அரசர்களில் மிகப் பெரியவர் என்று பலரும் சொல்லும் சிக்க தேவராஜர், பட்டத்துக்கு வருமுன் குண்டுலுப்பேட்டைக்குப் பக்கத்து ஹங்களத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார். மூன்றாவது ஆள்தான் சாமராஜநகருக்குப் பெயர் கொடுத்தவர்.

1776-ல் பெட்டத சாமராஜர் இறந்ததும், இனி அரச வம்சமே வேண்டாம் என்று ஹைதர் முடிவு செய்திருக்கலாம். கையில் அதிகாரம் முழுவதும் இருந்தது. செய்யவில்லை. சிம்மாசனத்தில் ஓர் உடையார் இருந்தால்தான் தசரா தர்பார் நடக்கும், பாளையக்காரர்கள் அடங்கி இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அரச உறவுள்ள அர்சு குடும்பங்களின் குழந்தைகளைக் கூட்டி வரச் சொன்னார். ஒரு கூடத்தில் பழம், தின்பண்டம், பொம்மை, ஆயுதம் என்று பரப்பி வைத்துப் பிள்ளைகளை விட்டார்கள். எல்லாம் தின்பண்டத்தின் மேல் விழுந்தன. ஒரு குழந்தை மட்டும் பளபளக்கும் ஒரு குறுவாளை எடுத்தது. இதுதான் ராஜா என்றார் ஹைதர். அரிகுத்தாரம் என்ற கிராமத்துத் தேவராஜ அர்சின் பிள்ளை அது. 1774-ல் பிறந்தது. கர்னல் வில்க்ஸ் தன் மைசூர் வரலாற்றில் இதை எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. குறுவாள் கதையில் எவ்வளவு ஜோடனை என்று சந்தேகப்படலாம். ஹைதர் தேர்ந்தெடுத்தார், குழந்தை அரிகுத்தாரத்துக் குழந்தை என்பதில் சந்தேகம் இல்லை.

அந்தக் குழந்தைதான் காஸா சாமராஜ உடையார். அதிகாரம் ஒரு நாளும் அவர் கைக்கு வரவில்லை. 1796-ல் இறந்தார். திப்பு வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. ஆனால் 1794-ல் சாமராஜருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்தபின், ஜூன் 30 அன்று சிம்மாசனம் ஏறியவன் அவன்தான். பின்னாளில் அந்த மும்மடி கிருஷ்ணராஜர், தகப்பன் பிறந்த அரிகுத்தாரத்துக்கு 1818-ல் சாமராஜநகர் என்று பெயர் வைத்தார். 1826-ல் சாமராஜேஸ்வரர் கோயிலைக் கட்டி முடித்தார். தகப்பன் பிறந்த இடத்தில் ஜனன மண்டபம் எழுப்பினார். ஆடி போன்ற ஆஷாட மாதத்தில் புதுமணத் தம்பதிகளைப் பிரித்து வைப்பது கன்னட நாட்டிலும் வழக்கம்; ஆனால் அதே ஆஷாடத்தில் நடக்கும் சாமராஜேஸ்வரர் தேருக்குப் புதுத் தம்பதிகள் சேர்ந்து வந்து வாழைப்பழத்தை வீசுகிறார்கள். மலட்டு வம்சம் என்று ஊர் பேசும் ஓர் அரச குடும்பம் கட்டிய கோயிலில்தான் பிள்ளை வரம் கேட்டு இளம் ஜோடிகள் நிற்கின்றன. சாபத்தை நம்புகிறவர்கள் ஒருமுறை அந்தத் தேருக்குப் போய் வரலாம்.

தத்து என்றாலே ஏதோ குறை, ஒட்டுப் போட்ட வேலை என்ற நினைப்பும் இந்தக் கதையோடு சேர்ந்து வருகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு நான் தஞ்சாவூரைக் காட்டுவேன். துளஜாஜி 1787-ல் தத்தெடுத்த பிள்ளைதான் இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகாலை நூலகமாக வளர்த்தவர், கண் மருத்துவக் குறிப்புகளைப் படத்தோடு எழுதி வைக்கச் செய்தவர். அவர் பெற்ற மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. புகழைத் தந்தவர் தத்துப் பிள்ளை. கடைசி அரசராகப் போனவர் சொந்தப் பிள்ளை. தஞ்சாவூருக்குச் சாபம் என்று யாரும் சொல்வதில்லை. புதுக்கோட்டையில் இன்னும் விசித்திரம். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் மெல்பர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார், மகனும் பிறந்தான். பிரிட்டிஷார் அந்த மகனை ஏற்கவில்லை. 1928-ல் தொண்டைமான் இறந்ததும் ஆறு வயது ராஜகோபாலருக்குப் பட்டம் போனது. பிள்ளை இருந்தது, பட்டம் கிடைக்கவில்லை.

திப்புவையும் சொல்ல வேண்டும். அவருக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஆண் பிள்ளைகள். 1799-க்குப் பிறகு அவர்களை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள், 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஒருவருக்கும் அரசு இல்லை. அதே நேரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏழ்மையில் கிடந்த ஐந்து வயதுப் பையனுக்குச் சிம்மாசனம் கிடைத்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையா அரசைக் காத்தது?

மைசூரைத் தஞ்சாவூர் ஆகாமல் காத்தது ஒரு தத்துதான். 1831-லேயே ஆட்சியை மும்மடியிடமிருந்து பிரிட்டிஷார் பறித்துக்கொண்டார்கள். கிழவர் கண்ணை மூடினால் நாட்டை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். சதாரா, நாகபுரி, ஜான்சி எல்லாம் அப்படிப் போனவைதான். மும்மடி விடவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் கடிதம் எழுதினார், லண்டனுக்கு ஆள் பிடித்தார். 1865 ஜூன் 18 அன்று, பெட்டதகோட்டைக் கிளையில் பிறந்த இரண்டு வயது சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். கல்கத்தா மறுத்தது. வழக்கு லண்டன் வரை போய், 1867 ஏப்ரலில் இந்திய அமைச்சர் நார்த்கோட் அந்தத் தத்தை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு மும்மடி இறந்தார், குழந்தை பட்டம் ஏறியது, 1881 மார்ச் 25 அன்று நாடே திரும்பக் கிடைத்தது. இது பிள்ளை இல்லாத ஒரு கிழவரின் பரிதாபக் கதை அல்ல. வைஸ்ராயோடு மல்லுக்கட்டி ஜெயித்த அரசியல். சாபக்காரர்களின் கட்டுரைகளில் 1867 வருவதே இல்லை.

அவர்கள் விட்டுவிடும் இன்னொரு கூட்டம் அரண்மனைப் பெண்கள். இரண்டாம் கிருஷ்ணராஜரின் விதவை லட்சுமி அம்மணி, ஹைதர் காலத்திலும் திப்பு காலத்திலும் அரண்மனைக்குள் அடைபட்டிருந்தபடியே, திருமல ராவ் மூலம் ஆங்கிலேயரோடு பேரம் பேசி வந்தார்; 1799-ல் மும்மடிக்குச் சிம்மாசனம் கிடைத்ததில் அவர் பங்கு பெரிது. 1894 டிசம்பரில் சாமராஜேந்திரர் கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தபோது மூத்த மகனுக்கு வயது பத்து. ராணி வாணி விலாச சன்னிதானம் 1902 வரை பிரதிநிதியாக இருந்து ஆண்டார்; சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்துக் கோலார் சுரங்கத்துக்கு அனுப்பும் வேலை அவர் காலத்தில்தான் நடந்தது. 2015-ல் யாரைத் தத்தெடுப்பது என்று தீர்மானித்தவர் ஸ்ரீகண்டதத்தரின் மனைவி பிரமோதா தேவி. மூன்று நூற்றாண்டுகளில் மூன்று பெண்கள் பட்டத்தைக் கரை சேர்த்திருக்கிறார்கள். ஊர் நினைவில் வைத்திருப்பதோ நான்காவது ஒரு பெண்ணை, அதுவும் கெடுத்தவளாக.

தலக்காட்டு மணல் மட்டும் என்ன என்று கேட்பார்கள். மணல் உண்மைதான், கங்கர் தலைநகராக இருந்து, சோழர் காலத்தில் ராஜராஜபுரமான அந்த ஊரின் கோயில்கள் மணலில் புதைந்துதான் இருக்கின்றன. காவிரி அங்கே வளைகிறது. மேலே 14-ஆம் நூற்றாண்டில் மாதவ மந்திரி கட்டியதாகச் சொல்லப்படும் அணை இருக்கிறது. அணை தண்ணீரைத் தடுத்ததால் ஆற்றுமணல் வெளியே தெரிந்து, தென்மேற்குக் காற்று அதைக் கரைக்குக் கொண்டுவந்தது என்று விஞ்ஞானியும் கன்னட நாவலாசிரியருமான கே.என். கணேஷய்யா வாதிடுகிறார். அந்த அணை அலமேலம்மாவுக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் மூத்தது.

சாமராஜநகருக்கே ஒரு ‘சாபம்’ இருந்தது. அந்த ஊருக்கு வரும் முதலமைச்சருக்குப் பதவி போகும் என்று பல காலம் முதலமைச்சர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. வந்து போய்ப் பதவி இழந்தவர்களின் பட்டியலைச் சொல்வார்கள். வராமலே இழந்தவர்கள் பட்டியல் அதைவிட நீளம், அதை யாரும் போடவில்லை. 2013-ல் முதலமைச்சரான சித்தராமையா திரும்பத் திரும்ப அங்கே போனார். ஐந்து ஆண்டையும் முடித்தார். 2023-ல் மறுபடி முதலமைச்சரானார். அதற்கு முன் முதலமைச்சர்கள் வராத அத்தனை ஆண்டுகளில் சாமராஜநகர் மக்களுக்கு முதலமைச்சர் நேரில் வந்து கேட்க வேண்டிய குறைகள் கேட்கப்படாமல் போயின. மூடநம்பிக்கை தீங்கில்லாத பொழுதுபோக்கு என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இத்தனைக்கும் இன்று ‘வாரிசு’ வந்து ஏறுவதற்குப் பட்டம் என்று ஒன்று சட்டத்தில் இல்லை. 1971 டிசம்பரில் 26-ஆவது திருத்தம் வந்து, மைசூருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாயாக இருந்த மன்னர் மானியமும் பட்டமும் சேர்ந்தே போயின. அதற்கு முன்பே ஜெயசாமராஜர் ஆளுநராகி, 1964 முதல் இரண்டு ஆண்டு சென்னையில் கிண்டி மாளிகையில் இருந்துவிட்டுப் போய்விட்டார். மீதி இருப்பது தசராவில் ஒரு சடங்குச் சிம்மாசனம், கொஞ்சம் மரியாதை, பெங்களூர் அரண்மனை மைதானத்து 472 ஏக்கருக்கான நீண்ட வழக்கு. வழக்கில் சாபத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

ஆகவே அடுத்த தசராவுக்குச் சாபத்தை மீண்டும் எடுத்து எழுதப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதுமுன் அந்தந்த ஆண்டில் தளவாய் யார், வைஸ்ராய் யார், அரண்மனையில் எத்தனை மகள்கள் என்று பாருங்கள். உடையார் பெயருக்கு இன்று மைசூரில் என்ன மதிப்பு என்பதைத் தேர்தல் முடிவுகளிலும் பாருங்கள். 2024-ல் யதுவீரை மக்களவைக்கு அனுப்பிய அதே மைசூர்த் தொகுதி, ஸ்ரீகண்டதத்தரை நான்கு முறை ஜெயிக்க வைத்தது, 1991-லும் 2004-லும் தோற்கடித்தது. 1991-ல் அவரைத் தோற்கடித்தவர், அரிகுத்தாரத்துக் குழந்தையைப் போலவே அர்சு சமூகத்தில் பிறந்த முன்னாள் முதலமைச்சர் தேவராஜ் அர்சின் மகள் சந்திரபிரபா.